டெவலப்பருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

சிறு வியாபாரிகளின் வெப்சைட் பாதியில் நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன். முகப்புப் பக்கம் அழகாக இருக்கும். உள்ளே போனால் பொருள்களின் இடத்தில் யாரோ எடுத்த மாதிரிப் படங்கள், 'எங்களைப் பற்றி' பக்கத்தில் இடம் நிரப்பப் போட்ட லத்தீன் வரிகள், தொடர்பு எண் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக இலக்கங்கள். கடைக்காரரைக் கேட்டால், "அந்தத் தம்பி இழுத்தடிக்கிறாப்ல" என்பார். டெவலப்பரைக் கேட்டால், "அண்ணன் இன்னும் விவரமே அனுப்பலைங்க" என்பார். வேலை எங்கே நிற்கிறது என்று தேடிப் பார்த்தால், பெரும்பாலும் கடைக்காரர் மட்டுமே எடுக்கக்கூடிய ஒரு முடிவு எடுக்கப்படாமல் கிடக்கும். ஐந்து லிட்டர் கேனை வெளிமாநிலத்துக்கு அனுப்புவோமா, வழியில் உடைந்தால் யார் பொறுப்பு, மொத்தமாக வாங்குபவருக்கு என்ன விலை என்பதற்கெல்லாம் எந்த டெவலப்பரும் பதில் சொல்ல முடியாது. அந்த முடிவுகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போனால் வேலை சீக்கிரம் முடியும், செலவும் குறையும்.

காங்கேயம் பக்கம் மரச்செக்கில் எண்ணெய் ஆட்டி விற்கும் கடை ஒன்றை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், கூடவே புண்ணாக்கு. உங்கள் தொழில் ஜவுளியாகவோ பாத்திரமாகவோ இருக்கலாம். கேள்விகள் கொஞ்சம் மாறும்; செய்ய வேண்டிய வேலை ஏறக்குறைய இதுதான்.

வெப்சைட் எதற்கு?

வெப்சைட்டுக்கு வரும் வாடிக்கையாளர் அங்கே என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரே வாக்கியமாக எழுதிப் பாருங்கள். 'கடை இருக்கும் இடத்தைத் தெரிந்துகொண்டு போன் செய்ய வேண்டும்' என்பது ஒரு பதில். 'சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆர்டர் போட்டுப் பணம் கட்ட வேண்டும்' என்பது இன்னொன்று. 'மளிகைக்காரர்களும் ஹோட்டல்காரர்களும் மொத்த விலை கேட்டு எழுத வேண்டும்' என்பது மூன்றாவது. மூன்றுக்கும் செலவு மலையும் மடுவும் போல வேறுபடும். முதலாவதற்கு நான்கைந்து பக்கங்கள் போதும். இரண்டாவதற்கு ஸ்டாக், கூரியர், பணம் கட்டும் வசதி, பில், ரிட்டர்ன் எல்லாம் வேண்டும். அதைத் தினமும் திறந்து பார்க்க ஓர் ஆளும் வேண்டும். மூன்றாவதற்கு ஒரு படிவமும், கேட்டவரை அன்றைக்கே திரும்ப அழைக்கும் பழக்கமும் இருந்தால் ஆயிற்று.

மூன்றும் வேண்டும் என்று ஆசை வருவது இயல்பு. முதலில் ஒன்றைச் செய்யுங்கள். அது ஓடத் தொடங்கியபின் அடுத்ததைச் சேர்க்கலாம்.

உங்கள் பதில் அந்த முதல் வகைதான் என்றால், இப்போதைக்கு வெப்சைட்டே வேண்டாமோ என்றும் யோசியுங்கள். கூகுளில் கடையைப் பதிவு செய்து, வரைபடத்தில் இடத்தைச் சரியாகக் குறித்து, திறக்கும் நேரமும் படங்களும் சேர்க்கக் காசு இல்லை. வாட்ஸ்அப் பிசினஸில் பொருள் பட்டியல் வைப்பதற்கும் இல்லை. இந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்யாத கடைக்கு வெப்சைட் போட்டாலும் பெரிய பலன் வருவதில்லை. சில மாதம் இவற்றை நடத்திப் பாருங்கள். வெளியூர் ஆர்டர்கள் வாட்ஸ்அப்பில் குவிந்து, யாருக்கு அனுப்பினோம், யார் பணம் போட்டார்கள் என்ற கணக்கே குழம்பும் நிலை வந்தால், அப்போது ஆர்டர் எடுக்கும் வெப்சைட் தன் செலவுக்கு மேலேயே சம்பாதித்துத் தரும்.

ஆர்டர் எடுக்கும் வெப்சைட் என்று முடிவாகிவிட்டால், டெவலப்பருக்கு முன் ஆடிட்டரைப் பாருங்கள். இதைப் பலரும் தவறவிடுகிறார்கள். ஜிஎஸ்டியில் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்க முடியாது. பதிவே இல்லாத சிறு கடையும், கைவினைப் பொருள் போன்ற சில விலக்குகள் தவிர, வரிக்குரிய சரக்கை வெளிமாநிலத்துக்கு விற்கத் தொடங்கினால் விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு செய்தாக வேண்டும். வெப்சைட் என்பது பெங்களூர்க்காரருக்கும் திறந்திருக்கும் கதவு. அவர் ஆர்டரை ஏற்கப் போகிறீர்களா, அல்லது தமிழ்நாட்டு பின்கோடுக்கு மட்டும்தானா என்பது டெவலப்பர் வேலை தொடங்கும் முன்பே தெரிய வேண்டிய விஷயம். உணவுப் பொருள் என்றால், கையிலிருக்கும் எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமம் ஆன்லைன் விற்பனைக்கும் வெளிமாநில விற்பனைக்கும் பொருந்துமா என்று மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

சரக்கு விவரம்

இனி உட்கார்ந்து செய்யும் வேலை. பாதிக்கு மேல் தாமதம் இங்கேதான் நடக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எக்செல் தாள் ஒன்றைத் திறந்து ஒவ்வொரு பொருளுக்கும், ஒவ்வோர் அளவுக்கும், தனித்தனி வரி போடுங்கள். கடலை எண்ணெய் அரை லிட்டர் ஒரு வரி, ஒரு லிட்டர் ஒரு வரி, ஐந்து லிட்டர் கேன் ஒரு வரி. தமிழில் பெயர், ஆங்கிலத்தில் பெயர், எம்ஆர்பி, விற்கும் விலை, எச்எஸ்என் எண், வரி விகிதம், எத்தனை மாதம் வைத்திருக்கலாம், பேக் செய்தபின் எடை, அட்டைப்பெட்டியின் நீளம், அகலம், உயரம். கடைசி நான்கையும் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவார்கள். கூரியர் கட்டணமே அவற்றில்தான் நிற்கிறது.

எண்ணெயை வைத்தே கணக்குப் போடலாம். ஒரு லிட்டர் நல்லெண்ணெய் ஏறத்தாழ 920 கிராம். ஐந்து லிட்டர் என்றால் எண்ணெய் மட்டும் 4.6 கிலோ; கேனும் அட்டைப்பெட்டியும் சேர்ந்தால் 5 கிலோவைத் தொடும். ஆனால் கூரியர்காரர் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5,000 ஆல் வகுத்து, வருவதையும் ஓர் எடையாகக் கொள்வார். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. 35, 30, 25 சென்டிமீட்டர் பெட்டி என்றால் 26,250, வகுத்தால் 5.25 கிலோ. இது அடுத்த எடைப் படிக்கு ஏறி, 6 கிலோவுக்கான கட்டணமாகவும் ஆகிவிடலாம். பெட்டியைச் சற்றுச் சிறிதாக்கினாலே ஒவ்வோர் ஆர்டரிலும் மிச்சம் பிடிக்கலாம். இதைக் கணக்கிடாமல் 'டெலிவரி இலவசம்' என்று முகப்பில் போட்டுவிட்டு, நல்ல விற்பனை நடந்தும் கையைச் சுட்டுக்கொண்ட கடைகள் உண்டு. எண்ணெய் போன்ற திரவத்தை எந்தக் கூரியர் எடுக்கும், எப்படிப் பேக் செய்தால் எடுக்கும், கசிந்தால் ஈடு தருமா என்பதை நேரில் போய்க் கேட்டு, பதிலையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

புண்ணாக்கை என்ன செய்வது என்பதும் இப்போதே முடிவாகட்டும். மூட்டைக் கணக்கில் போகும் சரக்கைக் கூரியரில் அனுப்ப முடியாது. ஆனால் மாடு வைத்திருப்பவர்கள் அதைத் தேடித்தான் வருவார்கள். வெப்சைட்டில் அன்றைய விலையும் போன் நம்பரும் மட்டும் போட்டு, 'கடையில் வந்து எடுத்துக்கொள்ளலாம்' என்று எழுதினால் போதுமே.

அடுத்தது, பக்கங்களில் என்ன எழுதுவது. 'பாரம்பரியமும் தரமும் எங்கள் அடையாளம்' என்ற வரியை ஆயிரம் கடைகள் போட்டாயிற்று. அதைப் படித்து யாரும் எண்ணெய் வாங்குவதில்லை. இரண்டு வாரத்துக்குக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டை வையுங்கள். கடைக்கு வருபவர், போனில் பேசுபவர், வாட்ஸ்அப்பில் எழுதுபவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் சொன்ன சொல்லிலேயே குறியுங்கள். "எள்ளுல கருப்பட்டி போட்டு ஆட்டறீங்களா?" "செக்கு வாகை மரமா?" "அடியில கசடு நிக்குது, கெட்டுப்போச்சா?" "தேங்கா எண்ணெய் உறைஞ்சு கிடக்கு, கலப்படமா?" இவைதான் உங்கள் வெப்சைட்டின் உள்ளடக்கம். உங்களைத் தவிர வேறு யாராலும் இதை எழுத முடியாது.

அந்தக் கடைசிக் கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும். காங்கேயத்துக்காரருக்கு அது பெரிதாகத் தெரியாது. பெங்களூரில் மார்கழி மாதம் பார்சலைப் பிரிப்பவர் வெள்ளையாக உறைந்ததைப் பார்த்ததும் படம் எடுத்து அனுப்பி, பணத்தைத் திருப்பிக் கேட்பார். பொருள் பக்கத்தில் இரண்டே வரி இருந்தால் அந்த ரிட்டர்னே வராது: குளிரில் உறைவது இயல்பு, பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகிவிடும்.

எழுதும்போது ஒன்றில் மட்டும் கை அடக்கம் வேண்டும். இந்த எண்ணெய் சர்க்கரையைக் குணமாக்கும், மூட்டுவலியைப் போக்கும் என்றெல்லாம் எழுதாதீர்கள். உணவுப் பொருளுக்கு நோய் தீர்க்கும் குணம் சொல்லி விளம்பரம் செய்வது சட்டப்படி குற்றம். கடையில் வாய்ப்பேச்சாகச் சொல்வது காற்றோடு போகும். வெப்சைட்டில் எழுதியது சாட்சியாக நிற்கும். அதைவிட முக்கியம், உங்கள் வரியை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன ஆவது?

சட்டம் கேட்கும் விவரங்களும் உண்டு. பேக் செய்த பொருளை ஆன்லைனில் விற்றால், எடையளவு விதிகளின்படி லேபிளில் இருக்கும் கட்டாய விவரங்கள், தயாரித்த மாதமும் ஆண்டும் நீங்கலாக, வெப்சைட்டிலும் தெரிய வேண்டும்: தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர அளவு, எம்ஆர்பி, நுகர்வோர் தொடர்பு போன்றவை. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் குறைதீர்ப்புக்கு ஒருவரை நியமித்து அவர் பெயரையும் தொடர்பையும் போடச் சொல்கின்றன. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சிறு கடையில் அந்த ஒருவர் நீங்களாகவோ உங்கள் மகளாகவோ இருக்கலாம். யாரென்று இப்போதே முடிவு செய்யுங்கள்.

படங்கள். வெயில் நேராக விழாத வெளிச்சமான திண்ணை, பின்னால் ஒரே நிறத் துணி, லேபிள் எழுத்து படிக்கும்படி நெருக்கம். நல்ல போன் கேமரா போதும். ஒவ்வோர் அளவையும் தனியாக எடுங்கள். அதோடு செக்கு சுற்றுவதை, எள் காயப் போட்டிருப்பதை, எண்ணெய் தெளிய வைத்திருக்கும் பாத்திரங்களைக் கட்டாயம் எடுங்கள். உங்களிடம் மட்டுமே இருக்கும் படங்கள் அவைதான். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் தரம் குறைந்துபோகும். டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் டிரைவில் போட்டு லிங்க் கொடுங்கள். கூகுளில் கிடைத்த படத்தை எடுத்துப் போட்டால், படத்துக்குச் சொந்தக்காரர் கேட்கப் போவது உங்களைத்தான், டெவலப்பரை அல்ல.

தமிழில் எழுதிக் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. நோட்டீஸ், விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்த டிடிபி கடையில் பழைய கோப்பு இருக்குமே, அதையே அனுப்பிவிடலாம் என்று தோன்றும். அங்கே இன்றும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் புழங்குகின்றன. அந்தக் கோப்பிலிருந்து எடுத்து வெப்சைட்டில் ஒட்டினால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளின் குப்பைதான் தெரியும். யூனிகோடில் இருந்தால்தான் படிக்கவும் முடியும், கூகுளில் தேடினால் கிடைக்கவும் செய்யும். மாற்றித் தரும் இலவசக் கருவிகள் உண்டு. மாற்றியபின் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், கொம்பும் புள்ளியும் இடம் மாறியிருக்கும். தமிழ்ச் சொல் ஆங்கிலத்தைவிட அதிக இடம் எடுக்கும் என்பதால், பொத்தானிலும் தலைப்பிலும் வரும் சொற்களை முன்கூட்டியே டெவலப்பரிடம் கொடுத்துவிடுவதும் நல்லது. ஆங்கிலத்தில் வடிவமைத்துவிட்டுக் கடைசியில் தமிழைத் திணித்தால், 'கூடையில் சேர்' என்பது மூன்று வரியாக உடைந்து நிற்கும்.

யார் பெயரில்?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

டொமைன் என்பது உங்கள் கடையின் இணையப் பெயர். அதை உங்கள் பெயரில், உங்கள் இமெயிலில், உங்கள் போன் நம்பரில், உங்கள் கார்டிலிருந்து நீங்களே வாங்குங்கள். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயைச் சுற்றித்தான் வரும். முதல் ஆண்டு தள்ளுபடியைப் பார்த்து மயங்காமல், இரண்டாம் ஆண்டுப் புதுப்பிப்புக் கட்டணம் எவ்வளவு என்று பாருங்கள். "நானே வாங்கித் தர்றேண்ணா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று டெவலப்பர் சொல்வது பெரும்பாலும் நல்லெண்ணத்தில்தான். ஆனால் அவர் அதைத் தன் கணக்கில் வாங்கிவிட்டால் பதிவேட்டில் உரிமையாளர் அவர். அவர் வேறு வேலைக்குப் போகலாம், நம்பர் மாறலாம், உங்களுக்குள் மனத்தாங்கல் வரலாம். புதுப்பிக்கச் சொல்லும் இமெயில் அவருக்கே போகும், அவர் கவனிக்காமல் விட்டால் காலாவதியாகும். சில வாரம் வரை மீட்க வழி உண்டு, கூடுதல் கட்டணத்தோடு. அதையும் தாண்டினால் யார் வேண்டுமானாலும் வாங்கிவிடலாம். பாட்டில் லேபிளிலும் கடைப் பலகையிலும் வண்டியிலும் அச்சடித்த பெயர் அது.

பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது போனில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். 'செக்கு' என்ற சொல்லை ஆங்கிலத்தில் ஒருவர் சி-எச் போட்டு எழுதுவார், இன்னொருவர் எஸ் போடுவார். 'ழ' வந்தால் மூன்று விதமாக எழுதுவார்கள். கேட்டதும் எல்லாரும் ஒரே மாதிரி எழுதும் பெயர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் தவறாக எழுதும் வடிவத்தையும் சேர்த்து வாங்கி, உண்மையான முகவரிக்குத் திருப்பிவிடச் சொல்லுங்கள். தமிழிலேயே முகவரி வைக்க '.இந்தியா' என்ற முடிவும் இருக்கிறது. அதைத் துணைப் பெயராக வைத்துக்கொள்ளலாம். முதல் பெயராக '.இன்' அல்லது '.காம்' இருப்பதே இப்போதைக்கு நடைமுறைக்கு எளிது.

டொமைனுக்குச் சொன்னதெல்லாம் வெப்சைட்டின் கோப்புகள் தங்கும் ஹோஸ்டிங்குக்கும், பணம் வாங்கும் கேட்வேக்கும், கூகுள் கணக்குகளுக்கும் பொருந்தும். இதற்கென்றே கடைப் பெயரில் ஓர் இமெயில் தொடங்குங்கள். ஓடிபி உங்கள் போனுக்கு வரட்டும். டெவலப்பருக்கு உங்கள் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டியதில்லை. வேர்ட்பிரஸ் போன்றவற்றில் அவருக்குத் தனி யூசர் கணக்கு கொடுத்து, வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம். கேட்வேக்கு பான், வங்கிக் கணக்கு, முகவரிச் சான்று எல்லாம் கேட்பார்கள். வெப்சைட்டில் ரீஃபண்ட், டெலிவரி, தனியுரிமை, விதிமுறைகள், தொடர்பு ஆகிய பக்கங்கள் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பல கேட்வேக்கள் அனுமதி தரும். அந்தப் பக்கங்களை வேறு கடையிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டு, ஏழு நாள் ரிட்டர்ன் என்று தெரியாமல் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். திறந்த எண்ணெய் பாட்டிலைத் திருப்பி வாங்கப் போகிறீர்களா என்ன? உடைந்து வந்தால் படம் அனுப்பினால் புதிது தருவோம் என்பது போல, உங்களால் காப்பாற்ற முடிவதை மட்டும் எழுதுங்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குப் புதிதாக இருக்கும். காசு கொடுத்துச் செய்யச் சொன்னதால் வெப்சைட்டின் நிரல் (கோடு) தானாக உங்களுக்குச் சொந்தமாகிவிடாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் ஓர் இலக்கியப் படைப்பாகவே கொள்ளப்படுகிறது. உங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்யாமல், ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்பவர் எழுதிய நிரலுக்கு முதல் உரிமையாளர் அவரே. உரிமை உங்களுக்கு மாற எழுத்தில், கையெழுத்தோடு ஒப்படைக்க வேண்டும். அந்தத் தாளில் காலத்தைக் குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், இடத்தைக் குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வேறு ஒப்பந்தம் இல்லாத வரையில், காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு முதல் உரிமை உங்களுக்கே; நிரலுக்கு அப்படியில்லை. எனவே கொட்டேஷனிலேயே ஒரு பத்தி சேர்க்கச் சொல்லுங்கள்: இந்த வேலைக்காகப் புதிதாக எழுதிய நிரல், வடிவமைப்பு ஆகியவற்றின் உரிமை முழுவதும் காலவரம்பின்றி, உலகம் முழுவதற்கும், கடைசித் தவணை கொடுத்ததும் கடைக்கு மாறும் என்று. வேர்ட்பிரஸ், அதன் தீம், பிளகின் போன்றவை பொதுவானவை, அவை இதில் சேராது. ஆனால் காசு கொடுத்து வாங்கும் தீமும் பிளகினும் யார் கணக்கில் வாங்கப்படுகின்றன, ஆண்டுப் புதுப்பிப்பு எவ்வளவு என்பதைக் கேட்டு எழுதி வையுங்கள்.

பேசி முடிப்பது

வேர்ட்பிரஸா, ஷாப்பிஃபையா என்ற கேள்வி வரும். ஷாப்பிஃபை மாத வாடகை. பராமரிப்புத் தலைவலி குறைவு, வாடகை நின்றால் கடை மூடும். வேர்ட்பிரஸ் உங்கள் இடத்தில் இருக்கும், ஆனால் அப்டேட்டும் பாதுகாப்பும் உங்கள் பொறுப்பு. பத்துப் பதினைந்து பொருள், தினமும் ஆர்டர், பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் இல்லை என்றால் நான் மாத வாடகையையே சொல்வேன்.

டெவலப்பரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் செய்த வெப்சைட்டுகளை உங்கள் போனில், வைஃபை இல்லாமல், மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். உங்கள் வாடிக்கையாளரும் அப்படித்தான் திறப்பார். அந்தக் கடைக்காரர்களில் இருவரையாவது போனில் பிடித்து, "வேலை முடிஞ்ச பிறகு கூப்பிட்டா எடுக்கறாருங்களா?" என்று கேளுங்கள். வேலைத் திறமையைவிட இந்தப் பதில்தான் பின்னால் உதவும்.

கொட்டேஷன் கேட்கும்போது 'ஒரு வெப்சைட் எவ்வளவு' என்று கேட்டால் ஆளுக்கொரு விலை வரும், ஒப்பிடவும் முடியாது. அந்த ஒற்றை வாக்கிய நோக்கம், எக்செல் தாள், பக்கங்களின் பட்டியல், எந்தக் கேட்வே, எந்தக் கூரியர், தமிழா ஆங்கிலமா இரண்டுமா என்பதை ஒரே தாளில் எழுதி, கொட்டேஷன் கேட்கும் எல்லா டெவலப்பர்களுக்கும் அதையே கொடுங்கள். விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளடக்கமா, எத்தனை முறை மாற்றம் கேட்கலாம், பொருள்களை ஏற்றுவது யார் வேலை, முடிந்தபின் எத்தனை மாதம் இலவசமாகப் பார்த்துக்கொள்வார், அதன் பிறகு ஏஎம்சி எவ்வளவு, அதில் என்னென்ன அடங்கும் என்று பதில் வாங்குங்கள். மிகக் குறைந்த விலை சொல்பவரை ஒதுக்க வேண்டியதில்லை. எதை விட்டுவிட்டு அந்த விலை சொல்கிறார் என்று மட்டும் கேளுங்கள்.

பணத்தைத் தவணையாகப் பிரியுங்கள். தொடங்கும்போது ஒரு பங்கு, வடிவமைப்பை ஒப்புக்கொண்டதும் ஒரு பங்கு, சோதனை ஆர்டர் ஓடியதும் ஒரு பங்கு, எல்லா லாகினும் கைக்கு வந்ததும் மீதி. இது அவருக்கும் நல்லது. நீங்கள் விவரம் அனுப்பாமல் மூன்று மாதம் போனால் அவருடைய காசும் முடங்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். எனவே உங்கள் பக்கத்துத் தேதிகளையும் அதே தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்: படங்கள் எப்போது, விலைப்பட்டியல் எப்போது.

வேலை நடக்கும்போது கடையிலிருந்து ஒருவர் மட்டும் டெவலப்பரிடம் பேசட்டும். அப்பா சிவப்பு வேண்டும் என்று காலையில் சொல்லி, மகன் பச்சை வேண்டும் என்று மாலையில் சொல்லி, மைத்துனர் இரவில் வாய்ஸ் மெசேஜ் போட்டால் அந்தத் தம்பி யாருக்குத்தான் செய்வார்? வீட்டுக்குள் பேசி முடித்துவிட்டு ஒரே குரலாகச் சொல்லுங்கள். 'நல்லா இல்லை' என்பது அவருக்குப் பயன்படாது. 'விலை சின்னதாகத் தெரிகிறது, எங்க அம்மாவுக்குக் கண்ணாடி போட்டாலும் படிக்க முடியலை' என்பது பயன்படும். முடிந்தால் பக்கத்தைப் படம்பிடித்து, எந்த இடம் என்று வட்டமிட்டு அனுப்புங்கள்.

திறப்பு விழாவுக்கு நல்ல நாள் பார்ப்பதற்கு ஒரு வாரம் முன்பே சோதனையை முடித்துவிட வேண்டும். வீட்டில் போன் அவ்வளவாகப் பழகாத ஒருவரிடம் கொடுத்து, அரை லிட்டர் நல்லெண்ணெய் வாங்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள். எங்கே தடுமாறுகிறாரோ அங்கே மாற்றம் வேண்டும். யுபிஐயில் ஒன்று, கார்டில் ஒன்று என உண்மையான பணம் கட்டி ஆர்டர் போடுங்கள். ஆர்டர் வந்த செய்தி கடைக்கு வருகிறதா, பில்லில் வரி சரியா, பணம் சொன்ன நாளில் வங்கிக்கு வருகிறதா என்று பாருங்கள். பிறகு ஓர் ஆர்டரை ரத்து செய்து, ரீஃபண்ட் எத்தனை நாளில் திரும்புகிறது, கேட்வே பிடித்த கமிஷன் திரும்புகிறதா என்பதையும் பாருங்கள். வெளிமாநில பின்கோடு போட்டால் நீங்கள் முடிவு செய்தபடி ஏற்கிறதா, மறுக்கிறதா? ஒரு பொருளின் விலையை நீங்களே மாற்றிப் பாருங்கள். கடலை விலை ஏறும் அன்றைக்கு டெவலப்பரைத் தேட வேண்டியிருக்கக் கூடாது. பேக்கப் எங்கே சேமிக்கப்படுகிறது, அதிலிருந்து எப்படி மீட்பது என்று அவரை உங்கள் கண்ணெதிரே ஒருமுறை செய்து காட்டச் சொல்லி, அதைப் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு, கடைசித் தவணையைக் கொடுங்கள்.